முருங்கைக்காய் கோழிக்கால் ஆனதும் இன்ன பிறவும்: ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் போன சொற்கள்

மொன்றியல்_கடை:
கனடாவில் உணவுச் சாமான் விற்றால் பொதியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்க வேண்டும், அது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்களுக்கு வந்த முருங்கைக்காய்த் தகரப் பேணியில் ஆங்கிலத்தில் ‘ட்ரம்ஸ்டிக்’ என்று இருந்தது. இறக்குமதி செய்தவர் அந்த ஒரு சொல்லை மட்டும் யாரிடமோ கொடுத்து மாற்றி ஸ்டிக்கர் அடித்து ஒட்டிவிட்டார், பிரெஞ்சில் ‘உப்புநீரில் பிலோன்’. பிலோன் என்றால் கோழிக்கால், ஆங்கிலத்தில் அதுவும் ட்ரம்ஸ்டிக்தான்! கந்தசஷ்டி நேரம், விரதம் பிடிக்கிற ஓர் அம்மா பேத்தியோடு வந்தார். பேத்தி இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, பிரெஞ்சுப் பக்கத்தைத்தான் முதலில் வாசிக்கும். “அம்மம்மா, இது சிக்கன்” என்றது. அவ்வளவுதான், அவர் பேணியை வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தார். பேணியில் முருங்கைக்காய்ப் படம் பச்சையாகத் தெரிகிறது, நான் அதைக் காட்டிக் காட்டிச் சொல்கிறேன், அவர் படத்தைப் பார்க்கவே இல்லை, பேத்தியைத்தான் பார்க்கிறார். படித்த பிள்ளை சொன்னால் கடைக்காரன் பேச்சு எடுபடுமா?

லாஷப்பல்வாசி:
உங்களுக்குப் போனது ஒரு பேணி. என் மச்சானுக்குப் போனது வேலை. லண்டனில் வளர்ந்தவன், ஆங்கிலத்தை வைத்துப் பிரெஞ்சை ஊகித்துக்கொள்வான், பாதி நேரம் சரியாகவும் இருக்கும், அதுதான் ஆபத்து. பாரிஸில் நேர்முகம் முடிந்ததும் அந்த மேலாளர் “எவாந்துவெல்மான் உங்களை எடுப்போம்” என்றாராம். இவன் அதை ஆங்கிலத்து ‘இவென்சுவலி’ என்று எடுத்துக்கொண்டான், கொஞ்சம் பிந்தினாலும் வேலை நிச்சயம் என்று. பிரெஞ்சில் அது ‘பார்ப்போம், தேவைப்பட்டால்’ என்கிற மாதிரி. வேறு இடத்தில் வந்த வேலையையும் வேண்டாம் என்றுவிட்டான். பிறகு எப்போது தொடங்கலாம் என்று தொலைபேசியில் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஒலிபெருக்கியில் போட்டிருந்தான். அந்தப் பக்கத்துப் பெண் “எந்த வேலை, மிஸ்யூ?” என்று கேட்டது இன்னும் என் காதில் கிடக்கிறது.

பார்க்_எக்ஸ்:
உங்கள் மச்சான் மொன்றியலுக்கு வந்திருக்க வேண்டும். இங்கே பாதிப் பேர் எவாந்துவெல்மானை ஆங்கிலப் பொருளில்தான் சொல்வார்கள், ஆசிரியர்கள் திருத்தினாலும் கேட்பதில்லை. ஆனால் ஒன்று, பாரிஸ் ஆட்கள் தங்கள் பிரெஞ்சுதான் சுத்தம் என்று நினைப்பதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. பாரிஸ் பெரியப்பா இங்கே வந்தபோது சந்தியில் சிவப்புப் பலகையில் ‘அரே’ என்று இருந்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார், “இவங்களுக்கு ஸ்டாப் என்றால் விளங்காதோ?” என்று. பிரான்சில் அந்தப் பலகையில் ஆங்கிலச் சொல்தான்! வார இறுதிக்கு அங்கே ‘வீக்கெண்ட்’, இங்கே ‘ஃபேன் து சுமேன்’. வண்டி நிறுத்த அங்கே ‘பார்க்கிங்’, இங்கே ‘ஸ்தாசியோன்மான்’. 1977இல் எங்கள் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சைக் காக்க 101ஆம் சட்டம் போட்டவர்கள் நாங்கள், சிரிப்பது அவர்கள்.

லாஷப்பல்வாசி:
சரி சரி, ஜாலியாக இருக்கிறது என்பதற்கு ஆங்கில ‘ஃபன்’னைச் சேர்த்து ‘செ லெ ஃபன்’ என்று சொல்கிறவர்கள் யார்? நாங்களா?

ரெயூனியோன்_மல்பார்:
மொன்றியல் கடை அண்ணா, உங்கள் பேணி கதையைப் படித்துவிட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகிறார்கள்? பிரான்சைச் சேர்ந்த எங்கள் ரெயூனியோன் தீவில் முருங்கைக்காய்க்குப் பேர் ‘பாத்தோன் மூரூங்க்’, கீரை ‘ப்ரேட் மூரூங்க்’. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள் வாயோடு கொண்டுவந்த முருங்கைதான் அது. கறிவேப்பிலை ‘கலுப்பிலே’. பிரெஞ்சு பேசும் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் புழங்குகிற சொல் இருக்கும்போது கோழிக்காலைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு நேர்ந்தது வேறு. பிரான்சில் படிக்கும்போது விடுதி சமையலறையில் கலுப்பிலே வேண்டும் என்று கேட்டேன், கூட இருந்த பெண் “அதற்குச் சரியான பிரெஞ்சு என்ன?” என்றாள். நான் பிரெஞ்சில்தான் கேட்டேன். அவள் கைப்பேசியில் ஆங்கிலத்தில் தேடி, அதைப் பிரெஞ்சாக்கி, ‘ஃபேய் து குர்ரி’ என்று எனக்கே வாசித்துக் காட்டினாள்.

சென்னை_ஐடி:
நான் செயலிகளின் பிரெஞ்சுப் பதிப்பைப் பார்த்துக்கொள்கிறேன், பிரெஞ்சு எனக்கு ஓரளவுதான். வாடிக்கையாளருக்குப் பாரிஸில் ஓர் ஆள், மொன்றியலில் ஓர் அம்மா. ‘ஈமெயில்’ என்கிற ஒரு பொத்தானுக்கு அந்த அம்மா ‘கூரியெல்’ என்று போடுவார், மறுநாள் பாரிஸ்காரர் ‘மெயில்’ ஆக்கியிருப்பார், திரும்ப கூரியெல், திரும்ப மெயில். கடைசியில் கூட்டம் போட்டோம். நான் இருந்ததால் இரண்டு பேரும் ஆங்கிலத்திலேயே சண்டை போட்டார்கள். பிரெஞ்சில் ஆங்கிலம் கலக்கக் கூடாது என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் கத்துகிறார், அவர் ஆங்கிலத்திலேயே பதில் கத்துகிறார், நடுவில் நான் குறிப்பெடுக்கிறேன்! தீர்ப்பு என்ன தெரியுமா, இரண்டு நாட்டுக்கும் தனித்தனிப் பதிப்பு. மொழியைக் கவனிக்கிற பிரெஞ்சு அகாதெமி போட்ட சொல்லை பிரெஞ்சுக்காரரே மதிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

பழைய_மொழிபெயர்ப்பாளர்:
அகாதெமி மட்டும் சொல் போடுவதில்லை. பிரான்சில் அமைச்சகங்களோடு சேர்ந்த நிபுணர் குழுக்கள் முன்மொழியும், அதற்கென்று உள்ள ஆணையம் பார்க்கும், அகாதெமி ஒத்துக்கொள்ளும், பிறகு அரசிதழில் வரும். கூரியெல் கியூபெக்கில் புழங்கிய சொல், பிரான்சு அரசிதழில் 2003இல்தான் வந்தது. அதுவும் அரசு அலுவலகங்களைத்தான் கட்டுப்படுத்தும். 1994இல் பிரெஞ்சின் பயன்பாட்டைக் காக்கத் தூபோன் சட்டம் வந்தபோதே தனியாட்கள் எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று அரசியலமைப்பு மன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பாரிஸ்காரர் சட்டப்படிதான் அடம்பிடித்தார். 2013இல் ஹேஷ்டேகுக்கு ‘மோ-தியேஸ்’ என்று வந்ததும் நாடே சிரித்தது, தியேஸ் இசைக்குறி, விசைப்பலகையில் இருப்பது வேறு குறி. நானும் ஓர் அரசு அறிக்கையில் அதைப் போட்டேன், திருத்த வந்த இளைஞர் ஓரத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைந்து அனுப்பினார். அது போகட்டும். இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், தனிச்சொல்லைக் கொடுத்தால் மாற்றாதீர்கள், வாக்கியத்தைக் கேட்டு வாங்குங்கள். ‘ஃபைல்’ கணினியில் ‘ஃபிஷியே’, காப்பீட்டு அலுவலகத்தில் ‘தொசியே’, நகம் ராவுகிற அரம் ‘லிம்’. அதே தொசியே கணினிக்குள் போனால் ஃபோல்டர். பிரெஞ்சில் ‘ஃபில்’ என்றே ஒரு சொல் இருக்கிறது, அது வரிசை. ‘லைப்ரரி’ என்றால் ‘பிப்லியோதேக்’, ‘லிப்ரேரி’ புத்தகக் கடை. அப்புறம், எல்லாப் புதுச்சொல்லும் தோற்பதில்லை. கம்ப்யூட்டருக்கு என்ன சொல்லலாம் என்று ஐபிஎம் 1955இல் சோர்போன் பேராசிரியர் ஜாக் பெரே அவர்களைக் கேட்டது, உலகை ஒழுங்கு செய்கிற கடவுளுக்கு வழங்கிய பழைய சொல்லை எடுத்து ‘ஓர்தினாத்தர்’ என்று எழுதிக் கொடுத்தார், இன்று பிரான்சில் யாரும் கம்ப்யூட்டர் என்பதில்லை. கியூபெக் மொழி அலுவலகத்தின் பெரிய கலைச்சொல் அகராதி இணையத்தில் இலவசம், துறையைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தேடுங்கள், ஆண்பாலா பெண்பாலா என்று தெரியாமல் பெயர்ச்சொல்லை எழுதிவைக்காதீர்கள்...

மொன்றியல்_கடை:
ஐயா, பாடம் கேட்கவில்லை. ஆனால் அந்த அகராதி விலாசத்தைப் போடுங்கள், இறக்குமதிக்காரருக்கு அனுப்புகிறேன்.

புதுவை_சொல்தா_வீடு:
எங்கள் வீட்டுக் கதை சின்னது. தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர், ஓய்வூதியக் கடிதம் அவரே எழுதுவார். ஒருமுறை ‘துமாந்தே’ என்று எழுதியதைச் சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளை பார்த்துவிட்டார். கேட்டுக்கொள்கிறேன் என்பதுதான் அதற்குப் பொருள், அவரோ அதை ஆங்கில ‘டிமாண்ட்’ என்று படித்து, காசு கொடுக்கிறவனை அதட்டலாமா மாமா என்று பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே ‘எக்ஸிஜே’ என்று எழுதினார். உண்மையான அதட்டல் அதுதான்! தாத்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சாப்பாட்டு மேசையில் இருமல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. வேறு தாள் எடுத்துத் ‘துமாந்தே’ என்றே எழுதி அனுப்பினார். ஓய்வூதியம் வந்தது, மாப்பிள்ளை அது தன்னால் என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.