புதுப்பிப்பு: எங்கள் ஊர் நூலகம் கீழ்த்தளத்துக்கு வருகிறது

பேரூராட்சி அலுவலகத்தையும் நூலகத்தையும் ஒரே கட்டடமாகக் கட்டப் போகிறார்கள், வரைபடத்தில் நூலகம் மாடியில் இருக்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். நேற்று கூட்டத்தில் அது மாறிவிட்டது! தினமும் பேப்பர் படிக்க வரும் பெரியவர் கைத்தடியை மேசைமேல் வைத்துவிட்டு, "இருபது படி ஏறி நான் எப்படித் தம்பி படிப்பேன்?" என்று கேட்டார். அப்புறம் யாரும் மறுத்துப் பேசவில்லை. பொறியாளரும், புத்தக அலமாரி நிற்கும் தளத்துக்கு அலுவலக அறையைவிட இரு மடங்குக்கு மேல் சுமை கணக்கிட வேண்டும், கீழேதான் நல்லது என்றார்.

இன்னும் ஒன்று பாக்கி. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும், நூலகத்துக்குக் கூட்டம் வரும். அதனால் தனி வாசல் வேண்டும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம், உரிமையோடு கேட்கலாம். மனு எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட வாருங்கள்.