டென்சிட்டியை மாற்றிவிட்டேன், இப்போது பின் எண்ணே போட முடியவில்லை

மொட்டைமாடி:
நேற்று இரவு சும்மா இருக்க முடியாமல் ஒரு வேலை பார்த்து வைத்தேன். ஆண்ட்ராய்டு போன், 1080 பிக்சல் அகலத் திரை. பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்து, அதில் ஸ்மாலஸ்ட் விட்த் (திரை அகலத்தை எத்தனை அலகாகக் கணக்கிடுவது என்ற அமைப்பு) 411 என்று இருந்ததை 450 ஆக்கியதும் எழுத்தெல்லாம் சிறுத்துத் திரையில் நிறைய அடங்கியது. பிடித்துப்போனது. அப்புறம் லேப்டாப்பில் ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாகவும் செய்யலாம் என்று படித்து, பழையபடி 411 வைத்துவிட்டு, எழுத்து, படங்களின் அளவைத் தீர்மானிக்கும் டபிள்யூஎம் டென்சிட்டி கட்டளையில் 420 என்று காட்டியதை இன்னும் சிறிதாக்கலாம் என்று 840 கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அகலம்! பூட்டுத் திரையில் 6 வரைதான் தெரிகிறது, என் பின் எண்ணில் 0 இருக்கிறது. கைரேகையாவது இருந்தது, பதற்றத்தில் ரீஸ்டார்ட் செய்து (அதன்பின் முதலில் பின் எண்தான் கேட்கும்) அதையும் கெடுத்துக்கொண்டேன். என்ன செய்யலாம்?

பழையசார்ஜர்:
ரிகவரி (போனைச் சரிசெய்வதற்கான தனித் திரை) போய் ஃபேக்டரி ரீசெட் போடுங்கள். பத்து நிமிட வேலை.

கம்பிவால்:
ஐயோ, அவசரப்படாதீர்கள், ரீசெட் போட்டால் படங்கள் எல்லாம் போய்விடும். நீங்கள் மாட்டியது எங்கே என்றால், இரண்டும் ஒரே அமைப்புதான், ஆனால் எதிரெதிர்த் திசையில் எண்ணுகின்றன. பிக்சல் அகலத்தை 160-ஆல் பெருக்கி டென்சிட்டியால் வகுத்தால் ஸ்மாலஸ்ட் விட்த் வரும்: 1080 × 160 / 420, அதாவது 411. நீங்கள் 840 கொடுத்ததும் அது 205 ஆகிவிட்டது. அகலத்தைக் கூட்டினால் எழுத்து சிறுக்கும், டென்சிட்டியைக் கூட்டினால் பெருக்கும். ரீஸ்டார்ட்டில் போகாததற்குக் காரணம், அந்த மதிப்பு செட்டிங்ஸ் அட்டவணையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.
யூஎஸ்பி டீபக்கிங் (கணினிக் கட்டளைகளைப் போன் ஏற்க விடும் அமைப்பு) இன்னும் ஆனில் இருக்கும்தானே? அதே லேப்டாப்பில் செருகி, ஏடிபி ஷெல் டபிள்யூஎம் டென்சிட்டி ரீசெட் என்று (ஆங்கிலச் சின்ன எழுத்தில்) அடியுங்கள். பூட்டைத் திறக்காமலே வேலை நடக்கும்.

மொட்டைமாடி:
அடித்தேன் அண்ணா, அனுமதி இல்லை என்கிறது. நேற்று 'எப்போதும் அனுமதி' பெட்டியில் டிக் போடாமல் விட்டுவிட்டேன் போல.

கம்பிவால்:
அது போச்சு. அனுமதி கேட்கும் பெட்டியே பூட்டைத் திறந்தால்தான் வரும். டிக் போட்டிருந்தாலும் ஆண்ட்ராய்டு 11-லிருந்து ஏழு நாள் அந்தக் கணினியோடு போனை இணைக்காவிட்டால் அனுமதி தானாகப் போய்விடும், அதையும் நினைவில் வையுங்கள்.

டீக்கடைபெஞ்ச்:
ஓடிஜி கேபிள் (போனில் யூஎஸ்பி கருவிகளைச் செருக உதவுவது) இருக்கிறதா? சாதாரண யூஎஸ்பி கீபோர்டைப் போனில் செருகி, பின் எண்ணை அடித்து என்டர் தட்டுங்கள். திரையில் எண் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. டிஸ்ப்ளே உடைந்த போனிலிருந்து படம் எடுக்க நான் இப்படித்தான் செய்தேன்.

மொட்டைமாடி:
திறந்துவிட்டது!! பக்கத்து வீட்டுத் தம்பியின் கீபோர்டு. அம்புக்குறி, டேப் என்று தட்டித் தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸ் போய்ச் சேர்வதற்கே அரைமணி நேரம் ஆனது, ஒரு திரைக்கு இரண்டு வரிதான் தெரிகிறது. ஸ்மாலஸ்ட் விட்த்தில் 411 கொடுத்ததும் எல்லாம் பழையபடி. லேப்டாப்பே தேவைப்படவில்லை. இன்னொன்று: என் வங்கிச் செயலி இப்போது திறக்க மாட்டேன் என்கிறது, இதனாலா?

கம்பிவால்:
டென்சிட்டியால் இருக்காது. யூஎஸ்பி டீபக்கிங் ஆனில் இருந்தாலே சில வங்கிச் செயலிகள் கதவை மூடிக்கொள்ளும், சில டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருந்தாலே மூடும். முதலில் டீபக்கிங்கை அணையுங்கள். அடுத்த முறை கை அரித்தால், தொடுவதற்கு முன் செட்டிங்ஸ் லிஸ்ட் கட்டளையால் சிஸ்டம், செக்யூர், குளோபல் மூன்று அட்டவணைகளையும் ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். டென்சிட்டியோடு நின்றதால் தப்பித்தீர்கள். அந்த மூன்றிலும் பெயரை வைத்து என்னவென்றே ஊகிக்க முடியாத வரிகள் ஏகப்பட்டது இருக்கின்றன.

மொட்டைமாடி:
அணைத்ததும் வங்கிச் செயலி திறந்துவிட்டது. கீபோர்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன், ஏன் வாங்கினேன் என்று கேட்டால் என்ன சொல்வது என்றுதான் யோசனை.