டொமைன் பெயருக்குத் தனி கிளாஸா, வெறும் ஸ்ட்ரிங்கா?

பென்னாகரத்தான்:
தர்மபுரியில் சின்ன ஆபீஸ். பள்ளிக் கம்ப்யூட்டர் லேப்களுக்கு இணைய வடிகட்டி எழுதுகிறோம், ஜாவாவில். அனுமதித்த டொமைன்கள் ஒரு பட்டியல், தடுத்தவை ஒரு பட்டியல். மாணவர் திறக்கும் முகவரி எதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோட் முழுக்க டொமைன் பெயர் ஸ்ட்ரிங்காகவே, அதாவது வெறும் எழுத்துச் சரமாகவே ஓடுகிறது. ஓரிடத்தில் சின்ன எழுத்தாக்கி ஒப்பிடுகிறார்கள், இன்னோரிடத்தில் அப்படியே, மூன்றாவது இடத்தில் முன்னால் உள்ள டபிள்யூ டபிள்யூ டபிள்யூவை வெட்டிவிட்டு. ‘டொமைன்நேம்’ என்று ஒரு கிளாஸ் (தனக்கென விதிகள் உள்ள தரவு வகை) எழுதி, இரண்டு பெயர் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸை அதற்குள் வைக்கலாம் என்றேன். ‘ஒரு ஸ்ட்ரிங்குக்கு எதுக்குய்யா கிளாஸ்’ என்கிறார் சீனியர். நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஓசூர்_ஷிப்ட்:
சீனியர் சொல்வதுதான் சரி. சின்ன எழுத்தாக்கி, கடைசிப் புள்ளியை வெட்டும் ஒரு ஃபங்ஷன் எழுது. பெயர் உள்ளே வரும் இடத்தில் ஒருமுறை கூப்பிடு. அப்புறம் எல்லா இடத்திலும் சாதாரண ஸ்ட்ரிங் ஈக்வல்ஸ் போதும். பெங்களூருக்குப் போய் வரும் எல்லோரும் இந்த வியாதியோடுதான் திரும்புகிறார்கள்: போன் நம்பருக்கு ஒரு கிளாஸ், பின்கோடுக்கு ஒரு கிளாஸ். ஜேசன் தரவு வடிவத்துக்கு ஒரு மாற்றி, டேட்டாபேஸுக்கு ஒரு மாற்றி என்று அதற்கே பாதி நாள் போகும்.

பர்கூர்_பேட்ச்:
அந்த ஃபங்ஷனைக் கூப்பிட மறந்தால் யார் சொல்வார்கள் அண்ணா? சுத்தம் செய்த ஸ்ட்ரிங்கும் செய்யாத ஸ்ட்ரிங்கும் கம்பைலர் கண்ணுக்கு ஒன்றுதான். தம்பியின் கோடில் மூன்று இடத்தில் மூன்று விதமாக ஒப்பிடுகிறார்கள் என்றால் காரணம் அதுதான்.

துணை டொமைன் விஷயமும் இருக்கிறது. பட்டியலில் எக்ஸாம்பிள்.காம் இருக்கிறது. ‘இந்த ஸ்ட்ரிங்கில் முடிகிறதா’ என்று மட்டும் பார்த்தால் கெட்டஎக்ஸாம்பிள்.காம் என்று பதிவு செய்த எவனும் உள்ளே வந்துவிடுவான். வலமிருந்து இடமாக லேபிள் லேபிளாக, அதாவது புள்ளிகளுக்கு நடுவே உள்ள துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். அந்த வேலை எந்த ஃபைலில் இருக்கும்? ‘யூட்டில்ஸ்’ என்ற குப்பைத்தொட்டியிலா?

ஓசூர்_ஷிப்ட்:
முன்னால் ஒரு புள்ளி சேர்த்துப் பார்த்தால் தீர்ந்தது. ஒரு வரி.

கேஆர்பி_அணை:
கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கு ஐபி முகவரி தேடித் தரும் அமைப்பு) பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

1987இல் வந்த இணையத் தர ஆவணங்களான ஆர்எஃப்சி 1034, 1035 இரண்டிலும் டொமைன் பெயர் என்பது ஒற்றைச் சரம் இல்லை, லேபிள்களின் வரிசை. ஒரு லேபிள் 63 பைட்டுக்குள், மொத்தம் 255 பைட்டுக்குள். புள்ளி என்பது நாம் எழுதிக் காட்டுவதற்காக. லேபிளுக்குள்ளேயே புள்ளி வரலாம். ஒரு டொமைனின் தலைமைப் பதிவான எஸ்ஓஏ ரெக்கார்டில் நிர்வாகியின் மெயில் முகவரியை டொமைன் பெயராகத்தான் எழுதுவோம். அந்த முகவரியில் அட் குறிக்கு முன்னால் புள்ளி இருந்தால் அதற்குப் பின்சாய்கோடு போட வேண்டும். புள்ளியில் பிரிக்கும் ஒரு வரிக் கோட் அங்கே உடையும்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்க்கக்கூடாது என்பது ஆஸ்கியின் 26 ஆங்கில எழுத்துக்கு மட்டும்தான். ஆர்எஃப்சி 4343இல் தெளிவாக இருக்கிறது. ஜாவாவில் லொகேல் (எந்த மொழி, நாட்டு வழக்கம் என்பது) சொல்லாமல் சின்ன எழுத்தாக்கினால் துருக்கி லொகேலில் பெரிய ஆங்கில ‘ஐ’ புள்ளியில்லாத சின்ன ‘ஐ’ ஆகிவிடும்.

அடிக்கோடும் ஒரு தொல்லை. போலி மெயிலைத் தடுக்கும் டிமார்க் ரெக்கார்டின் பெயர் அடிக்கோட்டில்தான் தொடங்கும். ஹோஸ்ட் பெயரில் (ஒரு மெஷினின் பெயரில்) அடிக்கோடு கூடாது, டொமைன் பெயரில் வரலாம். இந்த இரண்டையும் ஒரே விதியில் சோதிக்கும் புரோகிராம்களோடு நான் தினமும் மல்லுக்கட்டுகிறேன்.

ஓசூர்_ஷிப்ட்:
சார், பென்னாகரம் பள்ளி லேபில் யார் துருக்கி லொகேல் வைக்கப் போகிறார்கள்? வைத்தாலும் ‘லொகேல் ரூட்’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் முடிந்தது. லேபிளுக்குள் புள்ளி உள்ள பெயரை எந்தப் பையனும் பிரவுசரில் அடிக்க மாட்டான். வராத வெள்ளத்துக்கு அணை கட்டச் சொல்கிறீர்கள்.

பென்னாகரத்தான்:
இப்போது சீனியர் வேறு யோசனை சொல்கிறார். ஜாவாவிலேயே யூஆர்எல் கிளாஸ் இருக்கிறதே, அதன் ஈக்வல்ஸையே பயன்படுத்து, புதிதாக எதுவும் எழுதாதே என்று.

பர்கூர்_பேட்ச்:
ஐயோ, வேண்டவே வேண்டாம். அந்த ஈக்வல்ஸ் இரண்டு ஹோஸ்ட் பெயரையும் டிஎன்எஸ்ஸில் தேடிப் பார்க்கும். இரண்டும் ஒரே ஐபிக்குப் போனால் ‘சமம்’ என்று சொல்லிவிடும். ஒரே ஐபியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும் காலம் இது. தடுத்த தளமும் அனுமதித்த தளமும் ஒரே சர்வரில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசி. தேடி முடிக்கும்வரை அந்த வேலையை ஓட்டும் திரெட் காத்துக்கொண்டிருக்கும். ஹேஷ்கோட் (ஹேஷ்செட் போன்ற தொகுப்பில் பொருளை வேகமாகக் கண்டுபிடிக்கும் எண்) கணக்கிடவும் அதே தேடல். மழை பெய்து லைன் போனால் காலையில் சமமாக இருந்த இரண்டு மாலையில் வேறாகிவிடும். யூஆர்எல்லை ஹேஷ்செட்டில் போடுவது அதனால்தான் வம்பு. ஈக்வல்ஸ் பெயர் தேடப் போகும், நேரம் எடுக்கும் என்று ஜாவா ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது.

கேஆர்பி_அணை:
ஒரே பெயரா, ஒரே மெஷினா, ஒரே உரிமையாளரா என்பவை தனித்தனிக் கேள்விகள். ஈக்வல்ஸ் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். மெஷின் எது என்பது நேரத்துக்கு நேரம் மாறும். உரிமையாளரை அறிய, எந்த முடிவுகளின் கீழ் ஆளாளுக்குப் பெயர் பதியலாம் என்று சொல்லும் பப்ளிக் சஃபிக்ஸ் பட்டியல் வேண்டும். கோ.இன் கீழே இருக்கும் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுடையது என்பது பெயரைப் பார்த்துத் தெரியாது. மொசில்லா தொடங்கிய அந்தப் பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கிறது. மாறும் எதையும் ஈக்வல்ஸுக்குள் விடாதே. டபிள்யூக்களை வெட்டுவதும் தப்பு. அவை உள்ளதும் இல்லாததும் வேறு பெயர்கள், வேறு ஐபிக்குப் போகலாம்.

மலையூர்_மங்கை:
யாரும் தமிழ் டொமைனைப் பேசவில்லையே. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் தமிழிலேயே இருக்கின்றன. ‘கொ’வின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் அடிக்கலாம். யூனிகோட் விதிப்படி இரண்டும் ஒன்றுதான், ஆனால் ஸ்ட்ரிங் ஈக்வல்ஸ் ‘வேறு’ என்று சொல்லும். யூனிகோடின் சீர் வடிவமான என்எஃப்சி ஆக்கினால் சரியாகிவிடும்.

‘கௌரி’ இன்னும் வேடிக்கை. சிலர் ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் ‘ள’ அடிப்பார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், யூனிகோடுக்கு அது வேறு சொல். என்எஃப்சி அதைத் தொடாது, ஈக்வல்ஸும் தொடக்கூடாது. ஏமாற்றுப் பெயரைக் கண்டுபிடிப்பது தனி வேலை.

அதைவிட ‘லக்ஷ்மி’ மோசம். க்‌ஷ ஒட்டாமல் இருக்க நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்பானைப் போடுகிறோம். ஆங்கிலமல்லாத டொமைன் பெயர்களுக்கான 2003 ஐடிஎன்ஏ விதி அதைத் தூக்கி எறியும், எனவே ஒட்டியதும் ஒட்டாததும் ஒரே பெயர். 2010இல் ஆர்எஃப்சியாக வந்த ஐடிஎன்ஏ2008 மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பின் அதை அனுமதிக்கும், எனவே இரண்டு பெயர். ஜாவாவோடு வரும் ஐடிஎன் கிளாஸ் பழைய விதிப்படி நடக்கிறது. எந்த விதியில் ஒப்பிடுகிறோம் என்று ஓரிடத்தில் முடிவு செய்யாமல் இருபது இடத்தில் ஸ்ட்ரிங்கை வைத்து எப்படிச் சமாளிப்பீர்கள் அண்ணா?

ஓசூர்_ஷிப்ட்:
ஓரிடத்தில் முடிவு செய்யத்தான் நானும் சொன்னேன். அதுதான் என் ஃபங்ஷன்.

பர்கூர்_பேட்ச்:
அந்த ஃபங்ஷனை, பொருள் உருவாகும்போதே ஓடும் கன்ஸ்ட்ரக்டருக்குள் வையுங்கள் என்கிறேன். 2021இல் ஜாவா 16 வந்ததிலிருந்து ரெகார்ட் என்ற சுருக்கமான கிளாஸ் வகை இருக்கிறது. உள்ளே லேபிள் பட்டியல், கன்ஸ்ட்ரக்டரில் சோதனை. ஈக்வல்ஸும் ஹேஷ்கோடும் தானாக வந்துவிடும். அதிலிருந்து இன்னொரு கிளாஸை வாரிசாக எடுக்கவும் முடியாது. ‘ஹோஸ்ட்நேம்’ என்று வாரிசு எடுத்தால் அம்மா மகளைச் சமம் என்பாள், மகள் இல்லை என்பாள்.

வரிசைப்படுத்துவதையும் அதிலேயே எழுது தம்பி, வலமிருந்து இடமாக. டிஎன்எஸ் பதிலுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக்கின் ஆர்எஃப்சி 4034 வரிசையும் அப்படித்தான். ஒரு டொமைனின் குடும்பம் முழுக்க அடுத்தடுத்து வந்து நிற்கும்.

கேஆர்பி_அணை:
ஒரு திருத்தம். கன்ஸ்ட்ரக்டரிலேயே சின்ன எழுத்தாக்குவது வடிகட்டிக்குச் சரி. டிஎன்எஸ் நூலகம் எழுதினால் வந்த வடிவத்தை அப்படியே வைத்து, ஒப்பிடும்போது மட்டும் பேதம் பார்க்காமல் விட வேண்டும். பெயரைத் தேடித் தரும் சில ரிசால்வர்கள் கேள்வியில் எழுத்துகளைக் கண்டபடி பெரிது சின்னதாக்கி அனுப்பும். பதிலிலும் அதே வடிவம் திரும்பி வருகிறதா என்று பார்த்துப் போலிப் பதிலைக் கண்டுபிடிக்கும்.

பென்னாகரத்தான்:
கடைசிப் புள்ளியை என்ன செய்வது சார்? பெயருக்குப் பின் ஒரு புள்ளி வைத்து அடித்தால் தடுத்த தளமும் திறக்கிறது. லேப் பசங்களுக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

கேஆர்பி_அணை:
வெட்டிவிடு. டிஎன்எஸ்ஸில் அந்தப் புள்ளி ‘பெயர் இத்தோடு முழுமை’ என்று சொல்கிறது. உன் வடிகட்டிக்கு வரும் எல்லாப் பெயரும் முழுமையானவைதான்.

மலையூர்_மங்கை:
தமிழ் போன்ற மொழிப் பெயர்களுக்கு (ஐடிஎன்) யூனிகோட் வேலை செய்யும் ஐசியு நூலகத்தை எடுத்துக்கொள். ஐசியு 76க்கு முந்தைய பதிப்பு என்றால், பிரிப்பானை எறியாமல் வைக்கும் ‘நான்-டிரான்சிஷனல்’ ஆப்ஷனை மறக்காமல் போடு, இல்லாவிட்டால் லக்ஷ்மி திரும்ப வருவாள்.

ஓசூர்_ஷிப்ட்:
ஒரு ஈக்வல்ஸுக்காகப் பத்து எம்பிக்கு மேல் ஒரு ஜார் (ஜாவா நூலக ஃபைல்). பள்ளி லேப் மெஷின்களில் எவ்வளவு மெமரி இருக்கிறது என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வா தம்பி, அப்புறம் பேசலாம்.