ரீவியில் போட்டால் மட்டும் தாளம் பிந்துகிறது, என்ன செய்யலாம்?

கோண்டாவிலான்:
வணக்கம். வெள்ளி இரவு நாங்கள் நாலு பேர் எங்கள் வீட்டு ஹோலில் குளோன் ஹீரோ என்ற, பாட்டின் தாளத்துக்கு விசைகளை அமர்த்தும் கேம் விளையாடுவோம். லப்ரொப்பில் இயர்போன் போட்டுத் தனிய விளையாடினால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எடுப்பேன். அதையே எச்டிஎம்ஐயில் பெரிய ரீவிக்குக் கொடுத்து, சத்தத்தைப் புளூடூத் ஸ்பீக்கரில் விட்டால் அறுபதைத் தாண்டுவதில்லை. சரியாக அடித்தாலும் தவறு என்கிறது. பெடியள் எனக்குத் தாளஞானம் இல்லை என்கிறார்கள். இன்ரநெற் பக்கேஜையும் கூட்டிப் பார்த்துவிட்டேன்.

அராலியூரான்:
இன்ரநெற்றுக்கு ஏன் காசைக் கொட்டினீர்? ஒரே லப்ரொப்பில் நாலு பேர் விளையாட லைனே தேவையில்லை. ரீவியில் கேம் மோட், அதாவது படத்தை மெருகேற்றும் வேலையைக் குறைத்துப் பிந்தாமல் காட்டும் செற்றிங், போட்டிருக்கிறீரா?

கோண்டாவிலான்:
இல்லை அண்ணை, அப்படியொன்று இருப்பதே தெரியாது.

இணுவிலான்:
நல்லூர்த் தேருக்குப் போனால் தெரியும். நூறு மீற்றர் தள்ளி நின்றால் தவில்காரர் கை விழுந்து கிட்டத்தட்ட 0.3 செக்கன் கழித்துத்தான் சத்தம் வரும். உமது ஹோலிலும் அதேதான் நடக்கிறது, தூரம்தான் இல்லை. புளூடூத் சத்தத்தைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிப்பதற்குள் 200 மில்லிசெக்கன் வரை போய்விடும். நிமிடத்துக்கு 120 தட்டுள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு 500தான். பிறகு எப்படி விழும்? ரீவியும் படத்தை மெருகேற்றுகிறேன் என்று தன் பங்குக்குப் பிந்தும்.

முதலில் கேம் மோட். அடுத்து ஸ்பீக்கரை லப்ரொப்பில் வயரால் செருகும். கடைசியாகத்தான் கேமின் செற்றிங்ஸில் கலிபிரேஷன், அதாவது எவ்வளவு பிந்துகிறது என்று அளந்து கேமைச் சரிக்கட்டுவது. முறை மாறினால் திரும்பச் செய்ய வேண்டிவரும். லப்ரொப்பில் எடுத்த கணக்கு ரீவிக்குப் பொருந்தாது, அதையும் மறக்காதீர்.

அராலியூரான்:
புளூடூத்தை வைத்துக்கொண்டே கலிபிரேஷன் செய்தால் போதாதா?

இணுவிலான்:
பிந்துவது எப்போதும் ஒரே அளவாக இருந்தால் சரி. புளூடூத்தில் ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் அது மாறலாம். நான் இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டியவன்.

கோண்டாவிலான்:
அண்ணைமாரே, 93 வந்துவிட்டது! ஸ்பீக்கருக்குப் பின்னால் தூசிக்குள் வயர் ஓட்டை இருந்திருக்கிறது. ஒரேயொரு பிரச்சினை மிச்சம். தம்பியும் நானும் ஒரே கீபோர்ட். இருவரும் சேர்த்து அமர்த்தும்போது தம்பியின் விசைகள் விழுவதில்லை.

இணுவிலான்:
அது கீபோர்ட்டின் குறை. விலை குறைந்தவற்றில் மூன்று, நாலு விசையைச் சேர்த்து அமர்த்தினால் சில பதியாது. நோட்பாட்டைத் திறந்து இருவரும் ஒன்றாக அமர்த்தி, எத்தனை எழுத்து விழுகிறதென்று எண்ணும். ஒருவருக்குக் கேம்பாட் கொடுத்தால் தீரும்.

கோண்டாவிலான்:
நாலுக்கு மூன்றுதான் விழுந்தது. கேம்பாட் கிடைக்கும்வரை தம்பிக்கு, ஒரு நேரத்தில் ஒரு விசை மட்டும் அமர்த்தும் ஒற்றை நோட் பாட்டுகள்தான். அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.