நாகத்துக்கு நியோஸ்ரிக்மின் கேட்குது, விரியனுக்கு ஏன் கேட்காது?

ஒட்டுசுட்டான் உயிரியல்
நாகம், எட்டடி விரியன் ரெண்டு கடியிலும் இமை சரியும், பிறகு மூச்சுத் தசை சோரும். நாகக் கடிக்கு நியோஸ்ரிக்மின் எண்ட ஊசி மருந்து போட்டால் பல நேரம் இமை எழும்புமாம், விரியனுக்கு அசையாதாம். தசையில நரம்பின்ர செய்தியை ஏற்கிற புரதம், அந்த வாங்கி, ரெண்டுக்கும் ஒண்டுதானே? அற்றோப்பீனும் சேர்த்து ஏன் போடினம்? ரெண்டும் எதிர் மருந்தெல்லோ?

மாங்குளத்தான்
வாங்கி ஒண்டு, அடி விழுற இடம் வேற. தசைக் கலத்தின் நிக்கொட்டினிக் வாங்கிக்கு ஐந்து உபஅலகுகள், நரம்பு முனை விடும் செய்திப் பொருளான அசற்றைல்கோலின் ஒட்ட இரண்டு இடங்கள். இரண்டிலும் ஒட்டினால்தான் நடுத்துளை சரியாகத் திறந்து சோடியம் உள்ளே பாயும். நாகத்தின் அல்பா நஞ்சு அந்த இடத்திலேயே குந்திவிடும். ஒன்றை மறித்தாலே காணும். நியோஸ்ரிக்மின் அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியத்தைத் தடுப்பதால், நரம்பும் தசையும் சேரும் சந்தியில் அதன் செறிவு கூடி, மிஞ்சியிருக்கும் வாங்கிகள் வேலை செய்யும்.

விரியனில் பெரிய சேதம் சந்தியின் மற்றப் பக்கம். அதன் பீற்றா நஞ்சு ஒரு பொஸ்போலிப்பேசு, கொழுப்பைச் சிதைக்கும் நொதியம். நரம்பு முனையின் மென்சவ்வை அரிக்கும், அசற்றைல்கோலின் அடைத்த சிறு பைகளான புடகங்கள் தீரும், முனையே சிதையும். வெளியில் வராத அசற்றைல்கோலினை நியோஸ்ரிக்மின் எப்படிக் காப்பாற்றும்? முனை திரும்ப முளைக்க நாட்கள், சிலருக்குக் கிழமைகள். அதுவரை வெண்டிலேற்றர்தான். விஷமுறிப்பு மருந்து இரத்தத்தில் ஓடும் நஞ்சைத்தான் பிடிக்கும், சிதைந்த முனையைத் திருத்தாது. விரியன் பாயில் படுத்தவரை இரவில் கடிக்கிற பாம்பு, கடிவாயில் வீக்கமும் பெரிதாக இராது. அதனால்தான் ஆட்கள் விடியும் வரை பார்த்துக்கொண்டு இருந்துவிடினம்.

நெடுங்கேணி_மருந்தகம்
அற்றோப்பீனுக்கு: அசற்றைல்கோலினுக்கு இன்னொரு வாங்கியும் உண்டு, மஸ்கரினிக். அதில் துளை கிடையாது. மென்சவ்வை ஏழு தரம் ஊடறுக்கும் ஒற்றைப் புரதம், உள்ளே செய்தி கடத்தும் ஜி புரதத்தைத் தூண்டும். இதயத்தில் அந்த ஜி புரதத்தின் பீற்றா-காமாப் பகுதி பொற்றாசியம் கால்வாயைத் திறக்க, துடிப்பு குறையும். சுவாசக் குழாயில் சளி பெருகும். நியோஸ்ரிக்மின் இதையும் கிளப்பிவிடும். அற்றோப்பீன் மஸ்கரினிக்கை மறிக்கும், தசை வாங்கியைத் தொடாது. வளர்ந்தவருக்கு முதலில் அற்றோப்பீன் 0.6 மில்லிகிராம் நாளத்தில், பிறகு நியோஸ்ரிக்மின் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் தசையில். 30 தொடக்கம் 60 நிமிடம் இமையைக் கவனிப்பினம். இது ஆஸ்பத்திரிக் கணக்கு, வீட்டு வைத்தியமில்லை.

வயலுக்கு அடிக்கிற ஒர்கனோபொஸ்பேற்றுப் பூச்சிமருந்து நஞ்சிலும் இதே கதை: அற்றோப்பீன் சளியை நிறுத்தும், தசைச் சோர்வை மாற்றாது.

வவுனிக்குளம்77
மாங்குளத்தான் சொன்னதோடு ஒண்டு: சில நீண்ட அல்பா நஞ்சுகள் வாங்கியை விட்டுக் கழர வெகுநேரம் எடுக்கும். நியோஸ்ரிக்மின் பலன் தற்காலிகம், அதை நம்பி விஷமுறிப்பு மருந்தைப் பிந்தப் போடக்கூடாது. இமை சரிஞ்சால் நாகம் அல்லது விரியன் எண்டு முடிவெடுக்கவும் வேண்டாம். இலங்கை முத்திரைப் புடையன் எண்ட வேற பாம்பின்ர கடியிலும் இமை சரியும். அங்கே இரத்தமும் உறையாமல் போகலாம், அதனால் 20 நிமிட உறைவுச் சோதனை கட்டாயம்.