‘நீடாமங்கலம் வீடு’ குழுவில் மெக்ரே

தினேஷ்: பெரியப்பா, நீங்கள் கொடுத்தனுப்பிய மெக்ரே நாவலைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மழை, சேறு, படகு, குதிரை, மறுபடியும் மழை. கொன்றது யார் என்று தெரிந்துகொள்ள அந்த ஊரில் ஒருவருக்கும் அவசரம் இல்லை.

பெரியப்பா: எது, கால்வாய்க் கதையா? அதை எப்படிடா மூடி வைக்க மனசு வந்தது?

குடவாசல் அத்தை: யார் அந்த மெக்ரே? இங்கிலீஷ் படிக்காதவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறோம்.

நான்: பாரிஸ் குற்றப்பிரிவு அதிகாரி அத்தை. கனத்த உடம்பு, வாயில் எப்போதும் பைப். எழுதியவர் ஜார்ஜ் சிமெனோன், பெல்ஜியத்துக்காரர். 1931 முதல் 1972 வரை இந்த ஒரே ஆளை வைத்து 75 நாவல், 28 சிறுகதை.

குடவாசல் அத்தை: எழுபத்தைந்தா! அந்த மனுஷனுக்கு வயதே ஆகவில்லையா?

நான்: அதில்தான் வேடிக்கை. 1934-இல் வந்த நாவலில் ஓய்வு பெற்று லுவார் ஆற்றங்கரையில் வீடு வாங்கிக் குடியேறிவிடுகிறார். சில வருஷம் கழித்துப் பார்த்தால் பழையபடி ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார்.

மன்னார்குடி மாமா: பென்ஷனும் உண்டு, சம்பளமும் உண்டு. கொடுத்து வைத்தவர் 😄

நான்: இதாவது பரவாயில்லை மாமா. அவருடைய உதவியாளர் டாரன்ஸ் முதல் நாவலிலேயே கொல்லப்படுகிறார். பின்னால் வரும் நாவல்களில் அதே டாரன்ஸ் சாவகாசமாக வந்து வேலை பார்க்கிறார்.

தினேஷ்: இதைத்தான் சொல்கிறேன்! நம் ஊர் மாத நாவலில் இப்படி ஒரு ஓட்டை இருந்தால் விடுவீர்களா? பிரான்ஸ் என்றதும் இலக்கியம் ஆகிவிடுகிறது.

பெரியப்பா: ஓட்டைதான். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் நீ புதிருக்காகப் படிக்கிறாய். மெக்ரேயிடம் புதிர் கொஞ்சம்தான், இடம்தான் அதிகம். அந்தக் கதையையே எடுத்துக்கொள். டிஸி என்ற ஊர், கால்வாயில் ஒரு லாக். குதிரை லாயத்தில் வைக்கோலுக்கு அடியில் ஒரு பெண்ணின் பிணம். பணக்கார உடை. இப்படிப்பட்டவள் அந்தச் சேற்றுக் கரைக்கு எப்படி வந்தாள்? வேறொரு துப்பறிவாளர் என்றால் பூதக்கண்ணாடியை எடுத்திருப்பார். இவர் லாக் பக்கத்துக் கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார். எந்தப் படகு எப்போது உள்ளே வருகிறது, குதிரை என்ன வேகத்தில் இழுக்கிறது, யார் யாருடன் பேசுவதில்லை, எல்லாவற்றையும் பார்க்கிறார். அப்புறம் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு கரையோரமாகவே மைல் கணக்கில் மிதிக்கிறார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு!

குடவாசல் அத்தை: லாக் என்றால் நம் மூணாறு தலைப்பு மாதிரியா?

பெரியப்பா: இல்லைம்மா. மூணாறு தலைப்பில் வெண்ணாற்றுத் தண்ணீரை வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பங்கு பிரிக்கிறோம். ஷட்டரை ஏற்றினால் போகும், இறக்கினால் நிற்கும். படகுக்கு அங்கே வேலை இல்லை. லாக் படகுக்காகவே கட்டியது. மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு, நடுவில் தொட்டி. கீழேயிருந்து வரும் படகு தொட்டிக்குள் வந்ததும் பின்கதவைச் சாத்திவிட்டு மேலிருந்து தண்ணீர் விடுவார்கள். தண்ணீரோடு படகும் ஏறும். மட்டம் சமமானதும் முன்கதவு திறக்கும். அது முடிகிறவரை அடுத்த படகு காத்துக் கிடக்க வேண்டும். காத்துக் கிடப்பவர்கள் கடைக்குத்தான் போவார்கள், குடிப்பார்கள், பேசுவார்கள். போலீஸ்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

தினேஷ்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படித்திருப்பேன். லாக் என்பது என்னவென்று தெரியாமலே பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

மன்னார்குடி மாமா: வேதாரண்யம் கால்வாயில் ஒரு காலத்தில் உப்புத் தோணி போகும் என்பார்கள். இப்போது யாருக்கு நினைவு இருக்கிறது.

நான்: சிமெனோன் 1928-இல் ஒரு சின்னப் படகை வைத்துக்கொண்டு பிரான்ஸின் கால்வாய்களைச் சுற்றியிருக்கிறார். கரையில் எந்தக் கடையில் என்ன வாடை அடிக்கும் என்பதுவரை எழுதுவது அதனால்தான்.

திருச்சி சித்தி: இப்போதுதான் பார்க்கிறேன். மழையும் படகும் இருக்கட்டும், மெக்ரே வீட்டு அம்மாளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? பாவம், சமைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். இவர் போனில் "சாப்பாட்டுக்கு வரவில்லை" என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையிலிருந்து பீரும் சாண்ட்விச்சும் ஆபீஸுக்கு வரவழைத்துக்கொள்வார். நான் படித்த வரையில் பாதி நாவலில் இதே கதைதான்.

பெரியப்பா: இந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் பதில் இல்லை.

நான்: சித்தி, 1950-இல் வந்த ஒரு நாவலில் அந்த அம்மாளே துப்பறிகிறார். ஒரு பெண் போட்டிருந்த தொப்பி எந்தக் கடையில் வாங்கியது என்று பாரிஸில் தொப்பிக் கடை தொப்பிக் கடையாக ஏறி இறங்கிக் கண்டுபிடிப்பார். தொப்பியில் என்ன பார்க்க வேண்டும் என்று அவர் புருஷனுக்குத் தெரிந்திருக்காது.

திருச்சி சித்தி: அப்படியா! அந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது?

குடவாசல் அத்தை: துப்பறிகிறவரைத் தேடிப் பாரிஸ் போவானேன்? நம் வடுவூர் துரைசாமி ஐயங்கார் அந்தக் காலத்திலேயே திகம்பர சாமியாரை வைத்து எழுதினாரே. நம்பியார் விதவிதமாக வேஷம் போட்டு நடித்த படம் 1950-இல் வந்தது.

தினேஷ்: அத்தை, சாமியார் நமக்கு இருக்கிறார். ஐப்பசி அடைமழையில் நம் ஆற்றங்கரையில் நடக்கிற ஒரு தொடர்தான் எனக்கு வேண்டும். வயலும் ஆறும் ஒன்றாகிவிட்ட ராத்திரி, கரண்ட் இல்லை, ஒரு கொலை.

பெரியப்பா: கொலைகாரன் அன்றைக்கே மாட்டிக்கொள்வான். தலைப்பில் ஷட்டரை எப்போது ஏற்றினார்கள், நீர்மட்டம் எவ்வளவு என்று ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர், லஸ்கர், நோட்டில் எழுதியிருப்பார். "ராத்திரி ஆற்றைக் கடந்து அக்கரை போனேன்" என்று எவனாவது சொன்னால், நோட்டைப் புரட்டினால் போதும்.

தினேஷ்: பெரியப்பா, இது முழு நாவல்! எழுதுங்கள்.

பெரியப்பா: நீ முதலில் அந்தப் புத்தகத்தை முடி.

திருச்சி சித்தி: நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

நான்: என்னிடம்தான் இருக்கிறது சித்தி. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன். இதற்கு முன்னால் மாமா படித்தார். கொலைகாரன் பெயர் வரும் முதல் இடத்திலேயே பென்சிலில் கோடு போட்டு வைத்திருக்கிறார், ரப்பர் வைத்து அழித்துவிட்டுத் தருகிறேன்.

மன்னார்குடி மாமா: அது முக்கியமான இடம் என்று போட்டது 😇