கஞ்சுருஹானில் கொன்றது புகையா, கதவா?

கடைசிவரிசை:
விளையாட்டரங்குகளில் காவலர்கள் பலம் பயன்படுத்துவது பற்றிய நேற்றைய இழையில் நண்பர் சீர்மை போகிற போக்கில் ஒரு தீர்ப்பை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: “கஞ்சுருஹானில் கண்ணீர்ப்புகை ஒருவரையும் கொல்லவில்லை, கதவுதான் கொன்றது. மைதானத்துக்குள் குதிக்காமல் இருந்திருந்தால் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.” இதற்குப் பலர் கைதட்டியும் இருக்கிறார்கள் என்பதால் தனி இழை தொடங்க வேண்டியதாயிற்று.

2022 அக்டோபர் 1ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் மலாங் பகுதியில் அரேமா கால்பந்து அணி தன் சொந்த அரங்கான கஞ்சுருஹானில் பெர்செபாயா சுரபாயாவிடம் 3-2 என்று தோற்றது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொந்த அரங்கில் அந்த எதிரியிடம் தோற்றிராத அணி அது. ஆட்டம் முடிந்ததும் முதலில் சிலரும் பிறகு பலரும் மைதானத்துக்குள் இறங்கினார்கள். காவலர்கள் தடியாலும் கேடயத்தாலும் விரட்டினார்கள். அதைப் பற்றிக்கூட நான் வழக்காட வரவில்லை. ஆனால் அதன் பிறகு, இருக்கைகளை விட்டு இறங்காதவர்கள் நிறைந்திருந்த மாடங்களை நோக்கிப் புகைக்குண்டு சுட்டார்களே, அதைத்தான் கேட்கிறேன். 135 பேர் இறந்தார்கள். அரங்குக்குள் 45 முறை சுடப்பட்டதாக இந்தோனேசிய மனித உரிமை ஆணையம் கணக்கிட்டது. அப்போதைய அமைச்சர் மஹ்ஃபூத் எம்.டி. தலைமையிலான உண்மை அறியும் குழு, திரளான சாவுகளுக்கு முதன்மைக் காரணம் கண்ணீர்ப்புகையே என்று அதே மாதம் அறிக்கை கொடுத்தது.

மாடத்தில் உட்கார்ந்திருந்தவர் எந்த மைதானத்துக்குள் குதித்தார் என்பதைச் சீர்மை விளக்கட்டும்.

சீர்மை:
தனி இழை தொடங்கும் அளவுக்கு என் ஒரு வரி தங்களைக் காயப்படுத்தியிருப்பதில் மகிழ்ச்சி. உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பார்ப்போம். தோண்டியெடுத்து உடற்கூறாய்வு செய்யப்பட்ட இரண்டு உடல்களில் கண்ணீர்ப்புகையின் எச்சம் எதுவும் இல்லை என்றும், மார்பில் பட்ட பலத்த அடியே மரணத்துக்குக் காரணம் என்றும் தடயவியல் மருத்துவர்கள் கூறினார்கள். மக்கள் நசுங்கியது வாயிலில். அந்த வாயில்களைத் திறந்து வைப்பது யார் பொறுப்பு? போட்டியை நடத்தியவர்களின் பொறுப்பு. 38,000 பேர் கொள்ளும் அரங்குக்கு 42,000 சீட்டுகளை விற்றது யார்? காவல்துறையா? ஆட்டத்தைப் பிற்பகலிலேயே நடத்தச் சொல்லிக் காவல்துறை கேட்டும், இரவு எட்டு மணிக்கே நடத்துவோம் என்று பிடிவாதம் பிடித்தது யார்? எல்லாத் தவற்றையும் மற்றவர்கள் செய்து முடித்த பிறகு கடைசியில் வந்து நிற்பவன் காவலன், பழியும் அவனுக்கே. கதவுதான் கொன்றது. மீண்டும் சொல்கிறேன், கதவுதான்.

சேப்பாக்கத்தான்:
இருவரும் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். இரண்டு அணி ரசிகர்களும் மோதிக்கொள்ளும்போது காவலர்கள் வேடிக்கை பார்க்க முடியுமா? ஆட்டம் பார்க்கும் பண்பாடு வேண்டும். 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஒரு தடிகூட உயரவில்லை. அடுத்த மாதமே கொல்கத்தாவில் என்ன நடந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பினாங்கு அன்பன்:
ஐயா, எந்த இரண்டு அணி ரசிகர்கள்? மோதல் வரும் என்று அஞ்சிப் பெர்செபாயா ரசிகர்களை அன்று அரங்குக்கு வரவே விடவில்லை. அரங்கில் இருந்தவர்கள் அரேமா ரசிகர்கள் மட்டுமே. முதல் நாள் தலைப்புச் செய்தியை மட்டும் படித்துவிட்டுப் பண்பாட்டுப் பாடம் நடத்த வருவது தங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

ஈடன்வாசி:
கொல்கத்தாவில் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை என்று சேப்பாக்கத்தான் சொல்லிவிட்டதால் நான் சொல்கிறேன். ஷோயப் அக்தர் மீது மோதி டெண்டுல்கர் ரன் அவுட் ஆன ஆத்திரத்தில் மக்கள் கொதித்தார்கள் என்பது உண்மை. கடைசி நாளில் தாள்களைக் கொளுத்தினார்கள், புட்டிகளை எறிந்தார்கள் என்பதும் உண்மை. அதற்காகக் காவல்துறை மாடங்கள் அனைத்தையும் காலி செய்தது. எறிந்தவனும் எறியாதவனும் ஒன்றாகவே விரட்டப்பட்டார்கள். வெற்று அரங்கில் பாகிஸ்தான் 46 ரன்னில் வென்றது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகிறது. இன்னமும் சேப்பாக்கத்துக் கைதட்டலை எடுத்து எங்கள் முகத்தில் வீசுகிறீர்கள். கைதட்டியது நீங்களா, உங்கள் தந்தையாரா?

சீர்மை:
ஈடன்வாசிக்கு நன்றி, அவரை அறியாமலேயே என் வாதத்தை நிறுவிவிட்டார். ஈடனில் பலம் பயன்படுத்தி ஒரு பேரரங்கையே காலி செய்தார்கள், ஒருவரும் சாகவில்லை. ஏன்? கதவுகள் திறந்திருந்தன. ஆகவே பலம் கொல்வதில்லை, கதவு கொல்கிறது. காவலர்கள் கைகட்டி நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2012 பிப்ரவரி 1 அன்று எகிப்தின் போர்ட் சயீதில் அல் மஸ்ரி ரசிகர்கள் அல் அஹ்லி ரசிகர்கள் மீது பாய்ந்தபோது காவல்துறை அசையவில்லை. 74 பேர் மாண்டார்கள். அங்கே தடி தூக்கியிருந்தால் இதே கடைசிவரிசை “அராஜகம்” என்று ஓர் இழை தொடங்கியிருப்பார்.

கடைசிவரிசை:
போர்ட் சயீதை நீங்களே எடுத்துக் கொடுத்தது நல்லதாயிற்று. அங்கும் தப்பி ஓடியவர்கள் பூட்டிய வாயிலில்தான் நசுங்கினார்கள். தங்கள் சூத்திரப்படி அங்கும் கதவுதான் கொன்றது என்று சொல்லி, அடித்துத் துரத்திய அல் மஸ்ரி ரசிகர்களை விடுதலை செய்துவிடலாமே! அதைச் செய்ய மாட்டீர்கள். துரத்தியவன் ரசிகனாக இருந்தால் அவன் கொலையாளி. துரத்தியவன் சீருடையில் இருந்தால் கதவு கொலையாளி.

மக்கள் ஏன் வாயிலுக்கு ஓடினார்கள்? ஆட்டம் பிடிக்காமல் ஓடினார்களா? கண்ணும் மூச்சும் எரிந்தபோது ஓடினார்கள். உடற்கூறாய்வில் புகையின் எச்சத்தைத் தேடுவது, புலிக்கு அஞ்சிக் கிணற்றில் விழுந்து இறந்தவன் உடம்பில் புலியின் நகக்குறி இல்லையே என்று கேட்பதற்கு ஒப்பாகும். ஈடனில் மணிக்கணக்கில் நேரம் எடுத்துக்கொண்டு வெளியேற்றினார்கள். கஞ்சுருஹானில் வெளியேறு என்று சொல்லும் முன்பே மூச்சை அடைத்தார்கள். இன்னும் பதில் வரவில்லை: மாடத்தை நோக்கி ஏன் சுட்டார்கள்?

சேப்பாக்கத்தான்:
ஈடன்வாசிக்கு: அன்று கைதட்டியவர்களில் என் தந்தையாரும் உண்டு. அதில் எனக்குப் பெருமையே.

சீர்மை:
புலி, கிணறு என்று பாட்டி கதைக்குப் போய்விட்ட பிறகு தரவுகளைப் பேசிப் பயனில்லை. ஆனாலும் பேசுகிறேன். கண்ணீர்ப்புகையை அரங்குக்குள் கொண்டுவரவே கூடாது என்ற ஃபிஃபாவின் பாதுகாப்பு விதியை அடுத்து எடுத்து வீசப்போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அது ஃபிஃபா நடத்தும் போட்டிகளுக்கான விதி. இந்தோனேசிய உள்ளூர் லீக்கைக் காவல் காக்கும் மாவட்டக் காவலனை அது எப்படிக் கட்டுப்படுத்தும்? இறந்தவர்களில் இரண்டு காவலர்களும் உண்டு என்பதை உங்கள் நீண்ட கட்டுரையில் ஏன் மறைத்தீர்கள்?

கடைசிவரிசை:
மறைக்கவில்லை, 135 பேரில் அவர்களும் அடக்கம், அவர்களுக்கும் நியாயம் கேட்கிறேன். விதி உள்ளூர் லீக்கைக் கட்டாது என்றால், மூடிய அரங்கில் புகை விட்டால் மனிதருக்கு மூச்சு முட்டும் என்ற அறிவு மட்டும் உள்ளூருக்குப் பொருந்தாதா?

தரவு வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்கே போவோம். 2023 மார்ச்சில் சுரபாயா நீதிமன்றம் மூன்று காவல் அதிகாரிகளில் ஒருவருக்கு ஒன்றரை ஆண்டு தண்டனை கொடுத்துவிட்டு இருவரை விடுவித்தது. அவர்களில் ஒருவருக்குச் சொல்லப்பட்ட காரணம், அவரது ஆட்கள் சுட்ட புகையைக் காற்று மைதானத்தின் நடுவே கொண்டுபோய்விட்டதால் அது மாடத்தை எட்டவில்லை என்பது. கதவு கொன்றது, காற்று காப்பாற்றியது. காக்கி மட்டும் அங்கே ஒன்றுமே செய்யவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலைகளை நீக்கி, ஒருவருக்கு இரண்டு ஆண்டும் மற்றவருக்கு இரண்டரை ஆண்டும் சிறை விதித்தது. கதவுக்கு எத்தனை ஆண்டு கொடுத்தார்கள், சீர்மை?

பினாங்கு அன்பன்:
சிறு திருத்தம். இந்தோனேசியக் காவலர்களின் சீருடை பழுப்பு நிறம். காக்கி என்று எழுதுவது பொருந்தாது.

சீர்மை:
பார்த்தீர்களா, சீருடையின் நிறமே தெரியாதவர் எந்தக் குண்டு எந்த மாடத்தில் விழுந்தது என்று சாட்சி சொல்கிறார். நடுவர் தீர்ப்பு மறுஆய்வு பற்றிய பழைய இழையிலும் இவர் இப்படித்தான் விதிப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாதாடினார். கதவுக்கு எத்தனை ஆண்டு என்று கேட்டீர்கள். போட்டி அமைப்புக் குழுத் தலைவருக்கு ஒன்றரை ஆண்டும் அரங்கப் பாதுகாப்பு அதிகாரிக்கு ஓர் ஆண்டும் சிறை கிடைத்தது. அதுதான் கதவுக்குக் கிடைத்த தண்டனை.

ஈடன்வாசி:
சேப்பாக்கத்தாரின் தந்தையாருக்கு என் வணக்கம். ஆனால் வென்றவனுக்குக் கைதட்டுவது எளிது, அண்ணே; நடுமைதானத்தில் உங்கள் ஆட்டக்காரனை இடித்துத் தள்ளிவிட்டு அவுட் கேட்டிருந்தால் சேப்பாக்கம் என்ன செய்திருக்கும் என்பதைச் சொல்லுங்கள்.

கடைசிவரிசை:
காக்கியைப் பழுப்பாக மாற்றிக்கொள்கிறேன். வாதத்தின் நிறம் மாறவில்லை. நடுவர் இழையை இங்கே இழுப்பதிலிருந்தே சீர்மையிடம் சரக்கு தீர்ந்துவிட்டது தெரிகிறது. அமைப்பாளருக்குத் தண்டனை கிடைத்ததால் சுட்டவன் குற்றமற்றவன் ஆகிவிடுவானா?

இது புதிதும் அல்ல. 1964 மே 24 அன்று லிமாவில் பெருவும் அர்ஜென்டினாவும் மோதிய ஒலிம்பிக் தகுதிச் சுற்று ஆட்டத்தில், பெருவின் கோலை நடுவர் செல்லாது என்றதும் ஓரிருவர் மைதானத்துக்குள் ஓடினார்கள். காவல்துறை மாடங்களுக்குள் கண்ணீர்ப்புகை வீசியது. அரசுக் கணக்கில் மட்டும் 328 பேர். ஓடியவர்கள் ஓரிருவர், இறந்தவர்கள் 328 பேர்! 2001இல் கானாவின் அக்ராவிலும் இருக்கைகளைப் பிய்த்து எறிந்தவர்களுக்காக மாடத்துக்குள் புகை விட்டு நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொடுத்தார்கள். மூன்று கண்டங்கள், ஒரே செயல். லிமாவில் புகைக்குண்டு வீச ஆணையிட்ட காவல் தளபதிக்கு முப்பது மாதச் சிறை கிடைத்தது என்பதையும் சீர்மை குறித்துக்கொள்ளட்டும்.

சீர்மை:
லிமாவில் அந்த 328 பேரும் எங்கே இறந்தார்கள் என்பதை ஏன் எழுதவில்லை? மாடத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. படிக்கட்டுக்குக் கீழே, தெருவை ஒட்டி, இழுத்து மூடப்பட்டிருந்த இரும்புக் கதவுகளின் பின்னால்தான் நெரிந்து இறந்தார்கள். அங்கும் கதவுதான்.

கடைசிவரிசை:
அந்தப் படிக்கட்டுக்கு அவர்களைத் துரத்தியது எது?

சேப்பாக்கத்தான்:
ஈடன்வாசி, எங்கள் ஊரில் அப்படி நடந்திருந்தாலும் புட்டி எறிந்திருக்க மாட்டோம்.